ஒன்றரைக்கு மூன்றரை

மெய்யளவு வாரியத்தைப் பற்றித் தவறாக எதுவும் சொல்ல நான் வரவில்லை. தவறாகச் சொன்னால் அதற்கும் அவர்களிடம் ஒரு வகுப்பு இருக்கிறது. ஒரு பொருளை எந்த அளவில் சொல்கிறோமோ அந்த அளவில் அது இருக்க வேண்டும் என்பது ஒன்றும் கெட்ட எண்ணம் இல்லை. அந்த எண்ணத்துக்கு நாலு மாடிக் கட்டடமும், கட்டடத்துக்கு ஒரு லிஃப்டும், லிஃப்டுக்கு ஓர் ஆளும், அந்த ஆளுக்கு ஒரு ஸ்டூலும் கொடுத்த பிறகுதான் வினை ஆரம்பித்தது.

ஜெராக்ஸக்காவுக்கு இதெல்லாம் தெரியாது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒற்றை மிஷினை வைத்துக்கொண்டு கடை நடத்துகிறவள். தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும். அவளுக்கே தன் சொந்தப் பெயரைக் கேட்டால் ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கும். அவள் புருஷன் பஸ் டிரைவர். பணிமனையில் பின்னால் வந்த வண்டி இடித்து அவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லையென்று வீட்டுக் கட்டிலிலேயே கிடத்தி, காலில் கயிறு கட்டி, கால்மாட்டில் கப்பி வைத்து, ஒரு மணல் பையைத் தொங்கவிட்டுப் போயிருந்தார்கள். கட்டிலை ஓர் அங்குலம் நகர்த்தினாலும் கூடிவரும் எலும்பு விலகிவிடும், விலகினால் கால் குட்டையாகிவிடும், அப்புறம் பிரேக்கை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இந்த நேரம் பார்த்து மேல்மாடியிலிருந்த மூடியில்லாத தண்ணீர்த் தொட்டி கசிய ஆரம்பித்தது. கட்டிலுக்கு நேர் மேலே போகிற மர உத்தரம் ஊறிப்போய் நடுவில் கீறல் விட்டது. கொத்தனார் வந்து அண்ணாந்து பார்த்தார். பார்த்தபடியே இரண்டு அடி பின்னால் நகர்ந்து வாசற்படியில் நின்றுகொண்டார்.

"உத்தரத்தை இப்ப மாத்த முடியாதும்மா. இவரு எந்திரிச்சாத்தான் முடியும். அதுவரைக்கும் கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் முட்டுக் கொடுத்துடலாம். முட்டுக்கு மரம் வேணும், போய் டூ பை ஃபோர் ரெண்டு வாங்கிட்டு வாங்க."

"அதுக்கப்புறம் விழாதுல்ல?"

"முட்டு இருக்கற வரைக்கும் விழாது."

கட்டிலில் கிடந்த டிரைவர், "முட்டு நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிறேன்யா" என்றார். படுத்த படுக்கையானதிலிருந்து அவருக்கு வாய் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மர டிப்போவில் ஜெராக்ஸக்கா கொத்தனார் சொன்னதை அப்படியே சொன்னாள். "அண்ணே, டூ பை ஃபோர் ரெண்டு குடுங்க."

டிப்போக்காரர் சட்டென்று விரலை உதட்டில் வைத்தார். அவள் புரியாமல் இன்னும் சத்தமாகச் சொன்னாள். அடுக்கி வைத்த பலகைகளுக்குப் பின்னாலிருந்து, காலரில் காது வடிவப் பட்டயம் குத்திய ஒருவர் வெளியே வந்தார். வாரியத்தின் செவி அலுவலர் அவர். கடை கடையாகப் போய் ஜனங்கள் என்ன அளவு சொல்லிப் பொருள் கேட்கிறார்கள் என்று ஒட்டுக்கேட்பது அவர் உத்தியோகம். அவள் வாங்கிய கட்டைகளில் ஒன்றை எடுத்து அளவுகோலை வைத்தார்.

"ஒன்றரைக்கு மூன்றரை. நீங்க என்ன கேட்டீங்க?"

"அதான் சொன்னேனே, டூ பை ஃபோர்."

"பாருங்க, மறுபடியும் சொல்றீங்க. முதல் தடவை தெரியாம சொன்னதா எடுத்துக்கலாம்னு இருந்தேன்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டிப்போக்காரர்தான் தாழ்ந்த குரலில் விளக்கினார். "அறுக்கறப்ப ரெண்டுக்கு நாலுதான்மா. காய வச்சு இழைச்சதும் சுத்தி அரை அரை இஞ்சு போயிடும். பேரு மட்டும் பழசு. எல்லா ஊர்லயும் இப்படித்தான்."

"அப்ப எல்லா ஊர்லயும் பொய் சொல்றாங்க" என்றார் செவி அலுவலர் துக்கமாக. "நம்ம ஆள் எண்ணிக்கைக்கு இந்த ஊரை மட்டும்தான் பார்த்துக்க முடியுது."

முகவரியை வாங்கிக்கொண்டு அவளைப் போக விட்டார். ஏதோ அபராதம் கட்டச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு அவள் கட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். கொத்தனார் கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று நிறுத்தி, அடியில் மர ஆப்பு வைத்து இறுக்கினார். உத்தரம் முனகிவிட்டு அடங்கியது. அன்றைக்குத்தான் அவள் ரொம்ப நாளைக்குப் பிறகு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

வாரியத்திலிருந்து அழைப்பு வந்தது. விசாரணை அறையில் செவி அலுவலரும், அவருக்கு மேலே ஓர் அதிகாரியும் இருந்தார்கள். மேலதிகாரிக்குக் குரல் தேன் மாதிரி இருந்தது.

"பயப்படாதீங்கம்மா. உங்களைத் தண்டிக்கறது எங்க நோக்கமே இல்லை. திருத்த வகுப்புக்கு வாங்க. அந்த மரத்தோட சரியான பேரை ஒரு தடவை தப்பில்லாம சொல்லிட்டா முடிஞ்சது. அதுக்கு முன்னாடி சான்றுப் பொருளை ஒப்படைச்சுடுங்க."

"எதைங்க?"

"அந்த ரெண்டு மரத்தை."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்த மரங்கள் என்ன செய்துகொண்டிருக்கின்றன, அவற்றுக்குக் கீழே யார் படுத்திருக்கிறார், ஏன் எழுந்திருக்க முடியாது என்று மூச்சு விடாமல் சொன்னாள். மேலதிகாரி உன்னிப்பாகக் கேட்டார். அவர் முகம் வர வரக் கவலையாக மாறியது. அவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

"அப்ப விஷயம் நான் நெனச்சதை விடப் பெருசு" என்றார் அவர். "டூ பை ஃபோர் பார்க்க வேண்டிய வேலையை, ஒன்றரைக்கு மூன்றரை பார்த்துக்கிட்டிருக்கு. இது ஆள்மாறாட்டம்."

"ஆனா தாங்குதுங்களே!"

"ஆள்மாறாட்டம் பண்றவன் வேலையை ஒழுங்காத்தான் செய்வான். அதுதான் ஆபத்து. இன்னொண்ணு, அது பாரத்துல நசுங்கி அளவு மாறிட்டா, சான்றைக் கலைச்ச குத்தமும் உங்க மேலேயே வந்து சேரும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நிஜமான இரண்டுக்கு நாலை வாங்கி மாற்றிவிடலாமா என்று டிப்போவுக்கு ஓடினாள். டிப்போக்காரர் இப்போதெல்லாம் வாயைத் திறப்பதே இல்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவள் காதோடு சொன்னார். "தனியா அறுத்துத் தரலாம்மா. உங்க வீட்டு ஈரத்துக்கு ஊறி வீங்கிட்டா ரெண்டேகால் ஆயிடும். அதுக்கும் வந்து நிப்பாங்க. பேசாம வகுப்புக்குப் போயிட்டு வந்துடுங்க."

போனாள். பெரிய கூடத்தில் பெரிய மனுஷர்களெல்லாம் சிறு பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். 'அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்' என்று சொல்லிவிட்டு அரைமணி கழித்து வந்த ஒரு பிளம்பர் இருந்தார். 'ஒரு கை உப்பு போடு' என்ற சமையல்காரரின் கையை மேஜைமேல் வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் புதிதாகக் கல்யாணமான ஒரு பையன், கடலளவு ஆசை என்று மனைவியிடம் போனில் சொல்லிவிட்டு, அது எத்தனை லிட்டர் என்று கணக்குப் போட்டுக் கண் சிவந்திருந்தான்.

ஜெராக்ஸக்கா மனப்பாடம் செய்ய வேண்டிய பெயரைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். 'டூ பை ஃபோர் என்று முன்னர் வழங்கப்பட்டதும், உலர்த்தலுக்கும் இழைப்புக்கும் பின் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலமாகக் குறைந்ததும், ஈரப்பதத்திற்கேற்ப மேலும் மாறக்கூடியதுமாகிய மரத்துண்டு.' அவள் வீட்டில் இட்லி வேகும்போது சொல்லிப் பார்த்தாள், கடையில் தாள் மாற்றும்போது சொல்லிப் பார்த்தாள். டிரைவருக்கே பாடமாகிவிட்டது. "உலர்த்தலுக்கு அப்புறம் இழைப்பு வரும், முழுங்காதே" என்று கட்டிலிலிருந்தே திருத்துவார்.

பரீட்சையன்று வாரியத் தலைவரே வகுப்புக்கு வந்து உரையாற்றினார். நெடுநெடுவென்று ஆறடிக்கு மேலே உயரம். எத்தனை அடி என்று நான் சொல்ல மாட்டேன்.

"நண்பர்களே! நம் வாரியம் ஏன் ஒரு மரத்தையாவது பெரிதாக்கித் தரவில்லை என்று சிலர் கேட்கிறார்கள். மரத்தைப் பெரிதாக்குவது நம் வேலையா? சொல்லைச் சிறிதாக்குவதுதான் நம் வேலை. நாங்கள் ஒரு வீடு கட்டியதில்லை, ஒரு நாற்காலி செய்ததில்லை, ஓர் ஆணி அடித்ததில்லை. அதனால்தான் எங்களால் இத்தனை சரியாக இருக்க முடிகிறது!"

கைதட்டல். முன்வரிசைக்கு அது கட்டாயம்.

"ஓர் அம்மையார் வீட்டில் உத்தரம் விழப்போகிறது என்று சொன்னார்கள். என் மனம் பதறிவிட்டது. விழட்டும், விழாமல் போகட்டும். விழுந்தால் என்ன அளவுள்ள உத்தரம், எவ்வளவு உயரத்திலிருந்து, எத்தனை எடையோடு விழுந்தது என்பதை இந்த வாரியம் துளியும் பிசகாமல் சொல்லும். அந்த உறுதியை நான் இங்கே அவருக்குத் தருகிறேன்."

ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்தது. ஜெராக்ஸக்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து நின்றாள். மழை தொட்டியை நிரப்பும், தொட்டி உத்தரத்தை நனைக்கும் என்பதைத் தவிர வேறெதுவும் அவள் மனதில் ஓடவில்லை. 'டூ பை ஃபோர் என்று முன்னர் வழங்கப்பட்டதும்' என்று ஆரம்பித்தாள். உலர்த்தலைத் தாண்டினாள், இழைப்பைத் தாண்டினாள், ஈரப்பதம் என்ற சொல் வந்ததும் நின்றுவிட்டாள்.

"அந்தக் கட்டை" என்றாள். "என் வீட்டுக்காரரை உசுரோட வச்சிருக்கற கட்டை."

"தவறு" என்றார் ஆசிரியர். "அடுத்த வகுப்புல சேர்ந்துக்குங்க."

தலைவர் அதற்குள் கிளம்பிவிட்டிருந்தார். எங்கே போகிறார் என்று லிஃப்ட்காரர் சொன்னார். "சான்றுப் பொருள் பறிமுதலுக்கு. தோத்தவங்க வீட்டுக்குத் தலைவர் தானே நேர்ல போவாரு, ரொம்ப மரியாதை தெரிஞ்சவரு."

அவள் மழையில் ஓடினாள். செருப்பு ஒன்று எங்கோ கழன்று போனது. தெருமுனை திரும்பியபோது வாரியத்து வண்டி வாசலில் நின்றது. அக்கம்பக்கத்து ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன. வாரியத்து வண்டி நிற்கிற இடத்தில் எவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அறைக்குள் கால் வைக்க இடமில்லை. தலைவர், செவி அலுவலர், சுத்தியலோடு ஓர் ஊழியர். ஊழியர் சுவரோரத்து முட்டின் அடியிலிருந்த ஆப்பைத் தட்டி எடுத்து, ஒரு பையில் போட்டு அரக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தார்.

"வேணாம் சார்!" என்று கத்தினாள். "அவரு கீழ இருக்காரு சார், கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"பதட்டப்படாதீங்க" என்றார் தலைவர். "ஒண்ணை எடுத்தாலும் இன்னொண்ணு இருக்கே. இரண்டும் ஒரே தவறு செய்தவைதானே, ஒன்று தாங்கினால் போதும்."

டிரைவர் உத்தரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அவருடைய வாய்கூட ஓய்ந்துவிட்டது.

ஊழியர் முட்டுக் கட்டையை உருவினார். ஒரு நொடி ஒன்றும் ஆகவில்லை. தலைவர் திரும்பிப் புன்னகை செய்ய வாயெடுத்தார். அப்போது மேலே ஏதோ கிழிகிற மாதிரி சத்தம் கேட்டது. காரை பொலபொலவென்று டிரைவரின் மார்பில் கொட்டியது. உத்தரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கியது. அறையில் அந்த உயரத்துக்கு எட்டக்கூடிய மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவர் தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ளக் கையை மேலே தூக்கினார். உத்தரம் அந்தக் கைகளில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"ஐயோ!" என்றார் தலைவர். "குடுய்யா! அந்த டூ பை ஃபோரைக் குடு!"

ஊழியர் முட்டுக் கட்டையைக் கட்டிப்பிடித்தபடி அசையாமல் நின்றார். திருத்த வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கி வேலைக்கு வந்தவர் அவர்.

"எதைங்க ஐயா?"

"கையில வச்சிருக்கியே, டூ பை ஃபோர், அதை!"

"இது அது இல்லீங்களே ஐயா. நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க."

தலைவருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. முழங்கை நடுங்கி மடங்க ஆரம்பித்தது. "டூ பை ஃபோர் என்று முன்னர் வழங்கப்பட்டதும்..." என்று பல்லைக் கடித்துக்கொண்டு தொடங்கினார். 'உலர்த்தலுக்கும்' என்று வந்தபோது உத்தரம் இன்னும் கொஞ்சம் இறங்கியது. செவி அலுவலர் தலையைச் சாய்த்து, ஒரு சொல்லும் தவறிவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜெராக்ஸக்கா காத்திருக்கவில்லை. ஊழியரின் கையிலிருந்து மரத்தைப் பிடுங்கினாள். உத்தரத்துக்கு அடியில் செருகி, தோளைக் கொடுத்து நெம்பி நிமிர்த்தினாள். பாரம் மரத்தில் இறங்கியது. தலைவர் கையை உருவிக்கொண்டு ஒரே தாவலில் வாசற்படிக்குப் போனார். அவள் மட்டும் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள். அடியில் ஆப்பு இல்லாததால் அது தரையில் வழுக்கியது; விட்டால் போய்விடும்.

"ஆப்பைக் குடுங்க" என்றாள்.

ஊழியர் பையைப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். "இதைப் பிரிக்க மேலதிகாரி கையெழுத்து வேணும்மா. மழைக்கு அவரு சீக்கிரமே கிளம்பியிருப்பாரு."

தலைவர் வாசலில் சட்டையைத் தட்டிக்கொண்டு, மூச்சு சீரானதும், செவி அலுவலரிடம் கேட்டார். "நான் ஏதாவது சொன்னேனா?"

"ரெண்டு தடவை ஐயா."

"அது சொல் இல்லை, அலறல். அலறலுக்கு அளவு கிடையாது." பிறகு அறைக்குள் எட்டிப் பார்த்து, "அம்மா, நீங்க என்ன சொல்லி அந்த மரத்தை வாங்கினீங்க?" என்றார்.

"ஒண்ணும் சொல்லல. பிடுங்கினேன்."

தலைவர் வருத்தமாகத் தலையசைத்தார். பெயரே சொல்லாமல் ஒரு பொருளைப் பயன்படுத்துவதற்கு இன்னும் விதி எழுதப்படவில்லை. அதைப் பற்றி ஆலோசிக்க மூவரும் வாசலுக்கு வெளியே ஜன்னலோரம் ஒதுங்கினார்கள்.

உள்ளங்கை வியர்த்து மரம் நழுவியது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆத்திரம் அதற்கு முன்னால் வந்தது. டிரைவர் கட்டிலிலிருந்து கையை நீட்டி, எட்டுகிற உயரத்தில் மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"கத்துடி" என்றார். "நல்லாக் கத்து. என்ன வேணும்னு ஊருக்கே கேக்கட்டும்."

அவள் தலையை ஜன்னல் பக்கம் திருப்பி, அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "யாராவது ஒரு டூ பை ஃபோர் கொண்டுவாங்க! உத்தரம் விழுது! டூ பை ஃபோர்!"

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் செவி அலுவலர் துள்ளி நிமிர்ந்தார். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த இடைவெளியில் அவள் மனம் விட்டுப்போனது என்றே சொல்ல வேண்டும்.

பிறகு எதிர்வீட்டுக் கதவு திறந்தது. எதிர்வீட்டுக்காரர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, பழைய கதவு நிலையின் சட்டம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "கையில் என்ன?" என்று செவி அலுவலர் மறித்தார். "டூ பை ஃபோர்" என்றார் அவர், நிற்காமல். அது எந்தப் பக்கம் அளந்தாலும் இரண்டோ நாலோ வராத கட்டை. அடுத்து கொத்தனார் சாரக் கம்போடு வந்தார். "டூ பை ஃபோர்." மாடிவீட்டு அம்மா தன் கட்டிலின் காலையே கழற்றிக்கொண்டு வந்திருந்தாள். "டூ பை ஃபோர் சார், வழி விடுங்க." அவள் ஓடியதைப் பார்த்து வகுப்பிலிருந்து பாதியில் கிளம்பிய பிளம்பர் ஐந்து நிமிஷம் ஆவதற்குள் வந்து சேர்ந்தார். செவி அலுவலர் காதைத் தீட்டிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி, கடைசியில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

உள்ளே கொத்தனார் எதிர்வீட்டுக்காரரின் கட்டையில் ஒரு துண்டைச் செதுக்கி, முட்டின் அடியில் வைத்து அடித்தார். மரம் நிலைத்தது. ஜெராக்ஸக்கா கையை எடுத்தாள். எடுத்த கை அப்படியே மடங்காமல் நின்றது. டிரைவரின் நெற்றியிலிருந்த காரையைத் துடைத்தாள், காலைப் பார்த்தாள், மணல் பை நேராகத் தொங்குவதைப் பார்த்தாள். அதன் பிறகுதான் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"அழுதது போதும்" என்றார் டிரைவர். அவர் குரலும் சரியாக இல்லை.

வெளியே தலைவரின் குரல் உற்சாகமாக ஒலித்தது. "எத்தனை பேர் பார்த்தீர்களா? ஒரே தெருவில்! நான் சொன்னால் மேலே நம்ப மாட்டேன் என்றார்கள். இதற்கு ஒரு கூடம் போதாது. இன்னும் இரண்டு மாடி எழுப்ப வேண்டும், உடனே எழுப்ப வேண்டும்!"

கொத்தனார் அண்ணாந்து உத்தரத்தைத் தட்டிப் பார்த்தார். "நடுவுல கீறல் பெருசாயிடுச்சும்மா. அங்க ஒண்ணு கொடுத்துட்டா நிம்மதி. நீளமா ஒண்ணு வேணும்."

ஜெராக்ஸக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கம்பிக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், தலைவர் நின்றுகொண்டிருந்தார். அவர் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். இந்த முறை அவள் கத்தவில்லை. அவர் முகத்தைப் பார்த்து நிதானமாகக் கேட்டாள்.

"இன்னொரு டூ பை ஃபோர்."

தெருவின் அந்தக் கோடியில் யாரோ "இந்தா வருது" என்றார்கள். நீளமான மரம் ஒன்று, மழையில் நனைந்து, கைமாறிக் கைமாறிக் கூட்டத்தின் தலைக்கு மேலாக வந்தது. தலைவர் குனிந்துகொண்டார்.